குதிரைக்கும் எங்களுக்கும் ஒரே டின்

எங்கள் குதிரையின் விலா எலும்பை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் எண்ணிப் பார்க்காதவர்கள் கிடையாது. டீ குடிக்க நின்றவர்கள், கீரைக்காரி, கண்டக்டர் என்று ஒருவர் பாக்கியில்லை. கல்யாணமான புதிதில் என் நிறத்தைப் பற்றி என் காதுபடவே பேசியிருக்கிறார்கள், அதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருக்கிறேன். குதிரையைச் சொன்னால் மட்டும் எனக்குச் சுருக்கென்று வந்துவிடும்.

காரணம் இருந்தது. அந்தப் பெட்டைக் குதிரை தேறி மறுபடி ஜட்கா இழுத்தால் நாங்கள் உத்திரமேரூரில் தனிக்குடித்தனமாகவே இருந்துவிடலாம். தேறாவிட்டால் வண்டியையும் குதிரையையும் விற்றுவிட்டு மானாம்பதியில் என் கணவரின் அண்ணன் வீட்டுக்கே திரும்பிப் போக வேண்டும். அந்த வீட்டில் யாரும் என்னை அடித்ததில்லை, சோற்றுக்கும் குறை வைத்ததில்லை. ஆனால் அங்கே அடுப்பில் நான் வெந்துகொண்டிருந்த வருஷங்களில் தாளிக்கிற கரண்டி ஒருநாளும் என் கைக்கு வந்ததில்லை. புளி கரைப்பது நான், அம்மியில் அரைப்பது நான், கிளறுவதும் நான். எண்ணெய் ஊற்ற மட்டும் அண்ணன் பெண்டாட்டி, என் ஓரகத்தி, எழுந்து வருவாள். எண்ணெய்த் தூக்கு அவளுடைய அறையில் இருக்கும். கொண்டுவந்து ஊற்றிவிட்டு, மூடி, திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவாள். நான் வாணலியைப் பிடித்துக்கொண்டு அவள் வருகிற வரைக்கும் நிற்க வேண்டும். வெளியே சொன்னால் சின்ன விஷயம். எனக்கு அது சின்ன விஷயமாக இல்லை.

எழுபதுகளின் கடைசியில் என் கணவர் ஒரு பிடிவாதத்தில் ஜட்கா ஓட்டக் கற்றுக்கொண்டு, வண்டி வாங்கி, என்னை அழைத்துக்கொண்டு உத்திரமேரூருக்கு வந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீடு. பக்கத்தில் குதிரைக்கு ஒரு கொட்டாய். காஞ்சிபுரம் பஸ்ஸில் வந்து இறங்குகிற குடும்பங்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளைத்தாய்ச்சிகள், சந்தைக்கு மூட்டையோடு வருகிறவர்கள் என்று சவாரிக்குப் பஞ்சமில்லை. அந்த வருஷம் அடைமழையில் குதிரைக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் போய்விட்டது, கூடவே சதையும் போய்விட்டது. வண்டியில் பூட்டினால் தெருமுனை திரும்புவதற்குள் வியர்த்து நின்றுவிடும். அவர் அதை ஓய்வில் கட்டிவிட்டு, இன்னொருவருடைய வண்டியை மாற்றாளாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் என் மூத்தார் வந்தார். மூத்தார் என்றால் கணவரின் அண்ணன். எங்கள் பக்கத்தில் தம்பி பெண்டாட்டி அவர் எதிரில் நிற்கக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் கதவுக்குப் பின்னால் நின்று தூணிடமோ, கோழியிடமோ, இல்லாத ஆளிடமோ சொல்வது போலச் சொல்ல வேண்டும். அவரும் கேட்காதது போலக் கேட்டுக்கொள்வார். மாடுகளோடு பிறந்து மாடுகளோடு வளர்ந்தவர். நல்ல மனிதர் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். மில்லில் நெல் குத்திக்கொண்டு போக மாட்டு வண்டியில் வரும்போதெல்லாம் எங்கள் குதிரைக்கென்று ஒரு மூட்டைத் தவிட்டை இறக்கிவிட்டுப் போவார். கொடுத்ததைச் சொல்லிக் காட்டுகிற பழக்கமும் இல்லை. ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட்டால் அதற்கு மேல் அந்தக் குடும்பத்தில் பேச்சு கிடையாது.

குதிரையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுத் தம்பியிடம் சொன்னார்: "தை அறுப்புக்கு எனக்கு ஆளு வோணும். அதுக்குள்ள இது தேறலன்னா வித்துட்டு வூடு வந்து சேரு. எலும்ப வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

என் கணவர் சரி என்று தலையாட்டினார். அண்ணன் சொன்னால் அவர் எதற்கும் தலையாட்டுவார். உள்ளே நின்றிருந்த நான் தைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினேன்.

மறுநாளே அவரையும் குதிரையையும் இழுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் சின்ன வயசுக்காரர். மாடும் ஆடும் கோழியும் பார்த்துச் சலித்தவருக்கு ஒரு குதிரை வந்ததில் கொஞ்சம் சந்தோஷம்கூட. பல்லைப் பார்த்தார், லத்தியைப் பார்த்தார், கண் இமையை மடக்கிப் பார்த்தார். வியாதி ஒன்றுமில்லை, தெம்புதான் போதவில்லை என்றார். கொள்ளை அதிகமாக்கினால் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும், தவிட்டை அதிகமாக்கினால் வயிறு ரொம்புமே தவிர உடம்பில் ஒட்டாது, ஆகவே தீனியோடு எண்ணெய் சேருங்கள் என்றார். கடலை எண்ணெய்க்கு நாங்கள் எங்கே போவது என்று நான் முகத்தைச் சுளித்ததும், தவிட்டு எண்ணெய் கிடைத்தால் போதும் என்றார். சோப்புக்குப் போகிற கறுப்பு எண்ணெய் வேண்டாம், மனிதர்கள் சமைக்கிற மாதிரி சுத்தம் செய்ததாகப் பார்த்து வாங்கச் சொன்னார். முதலில் ஒரு கரண்டி, பிறகு நிதானமாக ஏற்ற வேண்டும். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்.

"தீனியில பிசைஞ்சிதான் குடுக்கணும். மாட்டுக்குப் புகட்டற மாதிரி வாயில ஊத்திடாதீங்க. குதிரைக்கு அது ஆகாது."

இருவரும்தான் கேட்டோம். இருவரும்தான் தலையாட்டினோம்.

என் பிறந்த வீடு தென்னேரி. என் தம்பி அப்போது வாலாஜாபாத் பக்கம் தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்கிற ஓர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அவனுக்குச் சொல்லியனுப்பியதும் ஒரு பெரிய டின்னைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கினான். அந்தக் காலத்தில் தவிட்டு எண்ணெய் என்று சொன்னாலே ஜனங்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். சமைக்க என்றால் கடலை எண்ணெய், கொஞ்சம் வசதி இருந்தால் நல்லெண்ணெய். தவிடு என்றால் மாட்டுத்தீனி, அவ்வளவுதான். அடுத்த வீட்டில் இட்லி சுட்டு விற்கிற அம்மா டின்னை எட்டிப் பார்த்துவிட்டு, "தவிட்டுல எண்ணெயா? அடுத்தாப்பல உமியில நெய் எடுப்பாங்களா?" என்று கேட்டாள்.

மூடியைத் திறந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுப் பார்த்தேன். வெளுத்த தேன் நிறம். முகர்ந்தால் வாசனையே இல்லை. குதிரைக்குக் கொடுப்பதற்கு முன்னால் நான் ருசி பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. வாணலியில் ஊற்றி ஓர் அப்பளம் போட்டேன். பூப்போலப் பொரிந்தது. கத்தரிக்காய் வதக்கினேன், கடுகு தாளித்தேன். ஓரகத்திக்காகக் காத்து நிற்காமல் என் இஷ்டத்துக்குக் கரண்டியை முக்கி ஊற்றியபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! என் கணவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. சொன்ன பிறகு வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார். சாயங்காலம் வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றதும் இன்னும் இரண்டு அப்பளம் கேட்டார்.

அன்றிலிருந்து ஒரே டின்தான். அந்தத் தாளிக்கிற கரண்டியாலேயே முதலில் குதிரைக்கு அளந்துவிடுவேன், பிறகுதான் எங்கள் அடுப்புக்கு.

ஆனால் குதிரை எங்களைப் போல இல்லை. எண்ணெய் பிசைந்த தவிட்டை முகர்ந்தது, மூக்கால் ஒரு சீறு சீறித் தவிட்டை என் முகத்தில் அடித்தது, திரும்பிக்கொண்டது. தொட்டியை மாற்றினேன், வெல்லத் தண்ணீர் தெளித்தேன், விரலில் எண்ணெயைத் தொட்டு அதன் ஈறில் தடவினேன். பட்டினி போடு, தானாகத் தின்னும் என்றார் அவர். இருக்கிற எலும்பையும் காயப் போடவா என்று கேட்டேன். கடைசியில் வழி கிடைத்தது. கொள்ளை வேகவைத்து, சூடு ஆறுவதற்கு முன் தவிட்டில் கொட்டி, எண்ணெய் கண்ணுக்கே தெரியாமல் உருண்டை பிடித்து உள்ளங்கையில் நீட்டினேன். உதட்டைப் பிதுக்கி, பெரிய மனது பண்ணி வாங்கிக்கொண்டது. பிறகு என் முந்தானையைக் கண்டாலே கனைக்கத் தொடங்கியது.

கார்த்திகை முடிவதற்குள் முதுகு ரோமத்தில் ஒரு மினுமினுப்பு வந்தது. கழுத்தில் சதை பிடித்தது. விலா மட்டும், எண்ண வேண்டும் என்று வருகிறவர்களுக்கு இன்னும் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தது. மார்கழி பிறந்ததும் என் கணவருக்கு நிலை கொள்ளவில்லை. காலையில் எழுந்ததும் கொட்டாய்க்குத்தான் போவார், குதிரையின் விலாவில் கையை வைப்பார், பெருமூச்சு விடுவார். இன்னும் கூட ஊற்று, இன்னும் கூட ஊற்று என்று என்னைப் பிடுங்கினார். டாக்டர் நிதானமாக ஏற்றச் சொன்னார் என்பேன். அண்ணன் வந்தால் டாக்டரா பதில் சொல்வார் என்பார். அந்த மாதம் முழுக்க நாங்கள் பேசியதெல்லாம் இதுதான். சோறு போட்டால் சண்டை, தண்ணீர் கொடுத்தால் சண்டை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் பயம்தான். ஆனால் பயந்துகொண்டு ஊற்றினால் வயிறு கெட்டுப் போகுமே ஒழிய விலா மூடிவிடாது.

மார்கழிக் கடைசியில் ஒரு காலை மூத்தார் நெல் மூட்டைகளோடு வந்தார். மில்லில் கூட்டமாக இருந்ததால் மாட்டு வண்டியை எங்கள் வாசலில் அவிழ்த்துவிட்டு, முறை வருகிற வரைக்கும் இருந்தார். என் கணவர் பரிமாற, அண்ணனுக்கு நாஷ்டா. இட்லியோடு மசால் வடை சுட்டிருந்தேன். ருசித்துச் சாப்பிட்டார். உள்ளே இருந்த எனக்கு மென்று விழுங்குகிற சத்தமே சொன்னது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத என் கணவர், பெருமை தாங்காமல், இந்த வடை குதிரை குடிக்கிற எண்ணெயில் சுட்டதாக்கும் என்று சொல்லிவிட்டார்.

சத்தம் நின்றது. பிறகு மூத்தார் இன்னொரு வடையை எடுத்துக் கடித்துக்கொண்டே, "எங்க வூட்டு எண்ணெய்க்கு இது ஒண்ணும் கொறச்சல் இல்லியே" என்றார். என் வாழ்க்கையில் அவர் எனக்குக் கொடுத்த ஒரே பாராட்டு அது. அதுதான் வினையாகவும் போயிற்று.

காஞ்சிபுரம் பஸ் வருகிற நேரமாகிவிட்டதென்று என் கணவர் மாற்று வண்டியைப் பார்க்க ஓடினார். மூத்தார் கொட்டாய்க்குப் போனார். குதிரையின் விலாவில் உள்ளங்கையால் மேலும் கீழும் தேய்த்துப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு, தினம் எவ்வளவு ஊற்றுகிறார்கள் என்று பொதுவாகக் கேட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து நான் தூணிடம், காலையில் இரண்டு கரண்டி, சாயங்காலம் இரண்டு கரண்டி என்று சொன்னேன். அவர் சிரித்தார்.

"இத்தாப்பெரிய ஒடம்புக்குக் கரண்டியில ஊத்திக்கினு கீறாங்க. மனுசன் வயித்துக்கே ஒண்ணும் பண்ணல, குதிரைய இன்னா பண்ணிடும்?"

அவர் மனதில் கெடுதல் இல்லை. அதை நான் அப்போதும் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். காளை மெலிந்தால் எங்கள் ஊரில் என்ன செய்வார்களோ அதைத்தான் அவர் செய்யப் போனார். மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தலையைத் தூக்கி, நாக்கை ஒரு பக்கம் இழுத்து, மூங்கில் குழாயில் எண்ணெயோ கஷாயமோ நிரப்பித் தொண்டையில் இறக்குவார்கள். எத்தனையோ மாடுகளை அவர் அப்படி எழுப்பி நிறுத்தியிருக்கிறார். ஒரு நுனியைச் சாய்வாகச் சீவிய அந்தக் குழாய் எப்போதும் அவருடைய வண்டியிலேயே செருகியிருக்கும். அதை உருவிக்கொண்டு வந்தார். தாழ்வாரத்தில் இருந்த என் டின்னையும் தூக்கிக்கொண்டு போனார்.

நான் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தேன். தூணைப் பார்த்து, இந்தக் குதிரைக்குக் குழாய் வைக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். அவர் குதிரையின் தலைக்கயிற்றை உத்தரத்தின் மேல் போட்டு இழுத்தார். குதிரையின் முகம் கூரையைப் பார்த்து நிமிர்ந்தது. இன்னும் உரக்க, தீனியில் பிசைந்துதான் கொடுக்க வேண்டுமாம் என்றேன். கேட்காதது போலக் கேட்டுக்கொள்கிற வழக்கம் என்றேனே, அன்றைக்கு அவர் நிஜமாகவே காதில் போட்டுக்கொள்ளவில்லை. தூணுக்குச் சொன்னதைத் தூண் கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். கயிற்றைக் கட்டினார். குழாயை டின்னில் முக்கி நிரப்பினார். குதிரையின் கடைவாயில் செருகினார்.

குதிரையின் கண் வெள்ளையாகத் திரும்பியதைப் பார்த்தேன். முன்னங்கால் தரையை உதைத்தது. குழாயைச் சாய்த்தார். விழுங்குகிற தொண்டை எப்படி ஏறி இறங்கும் என்று எனக்குத் தெரியும், தினமும் என் உள்ளங்கையில் தின்கிற குதிரை. அந்தத் தொண்டை அசையவே இல்லை. எண்ணெய் மட்டும் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

நான் வெளியே ஓடினேன். "வுடுங்க மாமா" என்று சொன்னதாக ஞாபகம். சொல்லிக்கொண்டே அவருடைய மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தேன். குழாய் நழுவி விழுந்தது. மிச்ச எண்ணெய் அவர் வேட்டியிலும் என் புடவையிலும் கொட்டியது. புல் அறுக்கிற அருவாளை எடுத்துத் தலைக்கயிற்றை அறுத்தேன். தலை கீழே விழுந்ததும் குதிரை இருமத் தொடங்கியது. அப்படி ஓர் இருமலை அதற்கு முன் எந்த மிருகத்திடமும் நான் கேட்டதில்லை. இரண்டு மூக்கிலும் எண்ணெய் நுரைத்துக்கொண்டு வழிந்தது.

இட்லிக்கார அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் கரண்டியும் கையுமாக நின்றிருந்தாள். தெருவில் போனவர்கள் இரண்டு மூன்று பேரும் நின்றுவிட்டார்கள். அவர்கள் பார்த்தது குதிரையை அல்ல, என் கையை.

முந்தானையைச் செருகிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். நல்லவேளை, டாக்டர் இருந்தார். சைக்கிளில் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் குதிரையின் மார்பில் கேட்டார், இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. யார் ஊற்றியது என்று கேட்டார். மூத்தார்தான், தயங்காமல், "நான்தான்" என்றார்.

டாக்டர் அவரைத் திட்டவில்லை. மாடு வேறு, குதிரை வேறு என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது போல் சொன்னார். குதிரையின் தலையைத் தூக்கி ஊற்றினால் எண்ணெய் வழுக்கிக்கொண்டு நேராக மூச்சுக் குழாயில் இறங்கிவிடுமாம். தண்ணீராக இருந்தால் உடனே இருமித் தள்ளிவிடும், எண்ணெய் இறங்குவதே தெரியாதாம். இறங்கியதை இனி வெளியே எடுக்க வழியில்லை, நுரையீரலில் சீழ் பிடிக்காமல் ஊசி போடலாம், தலையைக் கீழேயே வைத்திருக்க வேண்டும், தீனியைத் தரையில்தான் போட வேண்டும் என்றார்.

"முழுசும் போயிருந்தா இங்கியே விழுந்திருக்கும். இப்ப எவ்வளவு போயிருக்குன்னு காய்ச்சல் சொல்லும். ரெண்டு மூணு நாள் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பென்சிலின் ஊசி போட்டார்.

மத்தியானம் என் கணவர் வந்தார். விஷயம் பஸ் ஸ்டாண்டுக்கே போய்ச் சேர்ந்திருந்தது. கொட்டாயில் நான் குதிரையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதன் வயிறு துருத்திபோல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் குதிரையைப் பார்த்தார், மூலையில் உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"அண்ணன் கையப் புடிச்சி இழுத்தியாமே?"

குதிரை பிழைக்குமா என்று கேட்பதற்கு முன்னால் அவர் கேட்டது இதை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த துணியை அவர் முகத்தில் எறிந்திருப்பேன். குதிரை மிரளுமே என்று அடக்கிக்கொண்டேன். டாக்டர் சொன்னபோது இவரும் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அண்ணன் கொட்டாய்க்குத்தான் போவார் என்று தெரிந்தேதான் பஸ்ஸுக்கு ஓடினார். அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணனுக்குத் தம்பி சொல்லிக் கொடுப்பதா என்று விட்டுவிட்டார்.

மறுநாள் காய்ச்சல் ஏறியது. குதிரை தீனியைத் தொடவில்லை. காலைப் பரப்பிக்கொண்டு, கழுத்தை நீட்டி, ஒவ்வொரு மூச்சையும் சம்பாதித்துக்கொண்டு நின்றது. படுத்தால் எழாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அது கால் மடக்குகிற போதெல்லாம் நான் எழுந்து கழுத்தைத் தாங்கிப் பிடித்தேன். மூத்தார் போகவில்லை. நெல் மூட்டைகளை மில்லில் போட்டுவிட்டு மறுபடி வந்து அதே மூலையில் உட்கார்ந்துகொண்டார். ஏரிக்கரையிலிருந்து பச்சை அருகம்புல்லை அவரே அறுத்துக்கொண்டு வந்தார், கழுவி, மண் போகத் தட்டி, குதிரையின் முன்னால் தரையில் வைத்தார். டாக்டர் ஊசி போடும்போது தலையை அவர்தான் அசையாமல் பிடித்துக்கொண்டார். மிருகத்தைத் தொடுகிற கை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும், அதில் நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. இட்லிக்கார அம்மாவிடம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டார். நான் உள்ளே சமைத்து வைத்தது ஆறிக்கொண்டே இருந்தது.

தெருவில் குதிரையைப் பற்றி விசாரித்தவர்கள் யாருமில்லை. மூத்தார் கையைப் பிடித்தவள் என்று நீர் மொள்ளப் போன இடத்தில் சொல்லிச் சிரித்தார்கள். இட்லிக்கார அம்மா மட்டும், "கெட்ட பேஜாரு பண்ணி வெச்சிட்டியேம்மா" என்று என்னிடமே வருத்தப்பட்டாள். பேஜார் பண்ணியது நான்தான் என்று அவளுக்கும் தீர்மானமாகிவிட்டது.

காய்ச்சல் இன்னொரு நாளும் இறங்கவில்லை. அதற்கு மறுநாள் காலையில் நான் கொட்டாய்க்குள் போனபோது குதிரை தலையைத் திருப்பி என் முந்தானையைப் பார்த்தது. கனைக்க முயன்றது, இருமல்தான் வந்தது. பிறகு தரையிலிருந்த புல்லை உதட்டால் ஒதுக்கி, ஒரு பிடியை எடுத்து மெல்லத் தொடங்கியது. மெல்லுகிற அந்தச் சத்தம் கேட்டதும் நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். டாக்டர் வந்து மார்பில் கேட்டுவிட்டு, கண்டம் தாண்டிவிட்டது, பூட்டுவதற்கு மட்டும் இன்னும் நாள் ஆகும் என்றார்.

மூத்தார் எழுந்தார். வெளியே போய் மாடுகளைப் பூட்டினார். என் கணவர் பின்னாலேயே போய் நின்றார். நான் பழைய வழக்கப்படி கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். இந்த முறை அவர் எனக்கும் கேட்கட்டும் என்றே பேசினார்.

"அறுப்புக்கு ஆளு வெச்சிக்கிறேன். நீ வரத் தேவல. குதிரைய வெச்சே பொயச்சிக்கோ. பொம்பள கை நீளற வூட்டுக்கு இனிமே நானும் வரல."

வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் என் கணவர் வாசலில் நின்றார். தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் எதற்காக மூன்று மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு குதிரையை வளர்த்தேனோ அது கிடைத்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை அவரிடம் காட்டிக்கொள்ள முடியவில்லை, அவ்வளவுதான்.

தை கழிந்து மாசியில் குதிரை வண்டி இழுத்தது. ஆட்டோக்கள் வந்து சவாரியைப் பிடுங்கிக்கொள்கிற வரைக்கும் பல வருஷம் எங்களுக்குச் சோறு போட்டது. தம்பி டின் கொண்டுவந்துகொண்டே இருந்தான். குதிரையும் தின்றது, நாங்களும் தின்றோம், இட்லிக்கார அம்மாகூட ஒரு தூக்கில் வாங்கிப் போனாள். மூத்தார் தவிட்டு மூட்டையை மில்லிலேயே எங்கள் பேருக்கு வைத்துவிட்டுப் போவார், படியேற மாட்டார். என் மூத்த பிள்ளைக்குக் காது குத்தியபோது தாய்மாமன் சீரோடு தென்னேரி ஜனம் மொத்தமும் வந்தது. மானாம்பதியிலிருந்து ஒருவரும் வரவில்லை.

ஒரு மத்தியானம் என் கணவர் குதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"நீ அன்னிக்கிப் புடிக்கலன்னா இது செத்துப் போயிருக்கும்."

எத்தனையோ நாள் கேட்கக் காத்திருந்த வார்த்தை. மனது குளிர்ந்துவிட்டது. இனி யார் என்ன பேசினாலும் எனக்கு ஒன்றுமில்லை என்றுகூட நினைத்தேன்.

சில வருஷம் கழித்து மூத்தாரின் மகளுக்குக் கல்யாணம். சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லி எங்களுக்கும் வெற்றிலை பாக்கு வந்தது, போனோம். பந்தியில் நான் கூட்டு பரிமாறிக்கொண்டு வந்தேன். யாரோ ஒரு பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "மூத்தார் கையப் புடிச்சி இழுத்தவ இவதானே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பந்தியே திரும்பியது. எதிர் வரிசையில் மூத்தார் நின்றிருந்தார். என் கணவர் அந்தப் பெரியவருக்குப் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்திருந்தார். நான் கூட்டுக் கரண்டியோடு அவர் முன்னால் நின்றேன், அவர் ஒரே ஒரு வாக்கியம் சொல்வார் என்று.

அவர் இலையைப் பார்த்தபடி சாம்பார் கேட்டார்.